கிட்டார் ஒன்று, குரல் ஒன்று: மலைவீட்டில் ஆல்பம் பதிவு செய்யும் விதம்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். எழுத்தாளர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிற குமாஸ்தாவுக்கு எஸ்டேட்டில் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிப்பேன். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்ட பாட்டுகளை இதுவரை நான்கு ஆல்பங்களாகக் கொண்டுவந்திருக்கிறேன். முதலாவது முழுத் தப்பு, இரண்டாவது பாதித் தப்பு. மூன்றாவதையும் நான்காவதையும் வீட்டுப் பக்கத்திலேயே பதிவு செய்தேன். அவற்றைத்தான் ஜனங்கள் கேட்கிறார்கள். குழுவில் இருக்கும் பையன்கள் "அண்ணே, எப்படிப் பண்ணுனீங்க?" என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் ஆல்பத்தின் கதையை முதலில் முடித்துவிடலாம். கீழே நான் "வேண்டாம்" என்று சொல்லப்போவதெல்லாம் அங்கே நான் செய்ததுதான். சேலத்தில் ஒரு ஸ்டுடியோ, பெயர் வேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. காசுக்குப் பயந்து ஒரே நாளில் எட்டுப் பாட்டும் பாடி முடித்தேன். கீபோர்டு வாசித்தவர் நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் புல்லாங்குழல், தபேலா, இருபது வயலின் என்று அடுக்கிக்கொண்டே போனார். கிட்டார் கேட்கவே இல்லையே என்றேன். "இப்படிப் போட்டாத்தானுங்க சர்ச்சுல ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினேன். அம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, "இதுல நீ எங்கடா வாசிக்கிற?" என்றாள். 500 சிடி அடித்தோம். விற்றது போக மீதி, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கொய்யா மரத்தில் கிளித் தொல்லை அதிகமான வருஷம், என் மனைவி அதில் ஒரு டஜனை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கிளி வரவில்லை. அந்த ஆல்பத்தால் எங்களுக்குக் கிடைத்த வரும்படி அந்தக் கொய்யாதான்.

பாட்டுகளைக் கழிப்பது

மைக் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கையில் இருக்கும் பாட்டுகளையெல்லாம், கிட்டாரைத் தொடாமல், வாசற்படியில் உட்கார்ந்து வெறும் வாயால் பாடிப் பாருங்கள். கிட்டாரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் அழகில் தப்பித்துக்கொண்டிருந்த பாட்டு எது, வார்த்தையாலும் மெட்டாலும் நிற்கிற பாட்டு எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது ஆல்பத்துக்கு என்னிடம் 19 பாட்டு இருந்தது. படியில் உட்கார்ந்து எழுந்தபோது ஒன்பது மிஞ்சியது. கழிந்ததில் இரண்டு பாட்டு எனக்கு ரொம்பப் பிடித்தவை. பிடித்தது என்பதற்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை கொள்ளும். இணையத்தில் கணக்கே இல்லை. அதற்காக நிரப்பாதீர்கள். ஒரே கிட்டார், ஒரே குரல் என்றால் 40 நிமிடத்துக்கு மேல் காது அலுத்துவிடும். அந்தக் கால கேசட் நல்ல வாத்தியார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். எடுத்துத் திருப்பிப் போடுகிற நேரத்தில் காதுக்கும் ஓய்வு. நான் இப்போதும் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்றுதான் யோசிக்கிறேன். மொத்த நீளத்துக்கு என்னிடம் வேறொரு அளவுகோல் இருக்கிறது: அடிவாரத்தில் வண்டி ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏற்காட்டு ஒண்டிக்கடை வருவதற்குள் ஆல்பம் முடிந்துவிட வேண்டும்.

வரிசை போடுவதற்கு ஆள் வருகை எழுதுகிற ஒரு பழைய மஸ்டர் ரோல் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு நான்கு கட்டம் போட்டேன். பாட்டின் பெயர், சுருதி, வேகம், கடைசியாக அது என்ன ஜாதிப் பாட்டு என்பது. அதாவது புகழ்ச்சியா, நன்றியா, மன்றாட்டா, புலம்பலா. எழுதிப் பார்த்தால் ஒன்பதில் ஏழு புகழ்ச்சி. பைபிளில் திருப்பாடல்கள் 150-ல் மற்ற எந்த வகையையும்விடப் புலம்பல்தான் அதிகம். தாவீது அழுத அளவுக்கு நாம் அழ வேண்டியதில்லை, ஆனாலும் ஏழுக்கு ஒன்று என்பது பொய். இரண்டு புகழ்ச்சியை எடுத்துவிட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த இரண்டைச் சேர்த்தேன்.

சுருதிக் கட்டத்தையும் பாருங்கள். ஜி மேஜரில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வந்தால் கேட்பவருக்கு அது ஒரே நீளமான பாட்டு. இடையில் கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டு மாற்றலாம். அதைவிட நல்ல வழி, சில பாட்டுகளுக்குக் கம்பியின் சுருதியையே மாற்றிக்கொள்வது. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும், இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும், முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. டி-யை ச என்று வைத்தால் ச ப ச ம ப ச. தம்புரா மடியில் இருப்பது மாதிரி இருக்கும். மோகன ராகத்தில் போட்ட மெட்டு இதில் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்றாவது கம்பி ம, மோகனத்தில் ம கிடையாது. அந்தக் கம்பியைக் கழுத்தில் இரண்டாவது கட்டத்தில் (ஃப்ரெட்) அமுக்கி ப ஆக்கிக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முந்தின மாதம் வீட்டுப்பாடமாக ஒரே ஒரு ஆல்பத்தைக் கேட்கச் சொல்வேன். அமெரிக்காவில் ரிச் மல்லின்ஸ் என்று ஒரு கிறிஸ்தவப் பாடகர். 1997 செப்டம்பர் 10-ம் தேதி, கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில் உட்கார்ந்து, கேசட் ரெக்கார்டரில் ஒன்பது பாட்டுகளைப் பாடி வைத்தார். அடுத்து வரப்போகும் ஆல்பத்துக்கு அது மாதிரிப் பதிவு. 19-ம் தேதி சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய குழுவினரும் நண்பர்களும் அந்தப் பாட்டுகளை ஸ்டுடியோவில் முழு வாத்தியங்களோடு பதிவு செய்து, 1998-ல் 'தி ஜீசஸ் ரெக்கார்ட்' என்று இரண்டு சிடியாக வெளியிட்டார்கள். ஒன்றில் நண்பர்கள் செய்தது, இன்னொன்றில் அந்தக் கேசட் ஒலி. ஒரே பாட்டை இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேசட்டில் இரைச்சல் இருக்கும், அறை முழங்கும். இருந்தும் எந்த இடத்தில் உங்கள் கை வேலையை நிறுத்துகிறது என்று பாருங்கள். எனக்கு எட்டுக்கு ஆறு தடவை கேசட்டில்தான் நின்றது.

இடம் பிடிப்பது

இரண்டாவது ஆல்பத்தை அம்மாபேட்டையில் தங்கச்சி வீட்டில் போனிலேயே பதிவு செய்தேன். பாட்டு நன்றாக வந்தது, வாசிப்பும் பரவாயில்லை. மூன்று தெரு தள்ளி விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது காதிலேயே விழாது. எனக்கும் ஒரு மணி நேரத்தில் விழாமல் போய்விட்டது. போனுக்கு விழுந்தது. அது மட்டுமில்லை, தறி அடிக்கிற தாளத்துக்கு என் கை தானாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நான்கு மெதுவான பாட்டும் ஒரே வேகத்தில் டக்கு டக்கென்று நடந்தன. பாதித் தப்பு என்று சொன்னது இதைத்தான்.

மலைமேல் அமைதியாக இருக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சாயங்காலம் ஆறரைக்குச் சில்வண்டு ஆரம்பித்தால் அதன் குரல் உங்கள் குரலைவிட மேலே நிற்கும், எந்த ஃபில்டர் போட்டாலும் போகாது. சனி, ஞாயிறு டூரிஸ்ட் வண்டி ஹாரன். மழைக்காலத்தில் தகரக் கூரை. காட்டுமாடு வந்தால் ஊரிலுள்ள நாய் அத்தனையும் குரைக்கும். ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதி வைத்தேன்: எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று. கடைசியில் தேறியது வார நாளில் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். உங்கள் ஊரில் வேறாக இருக்கும். ஆனால் நோட்டுப் போட்டு எழுதாமல் தேதி குறிக்காதீர்கள்.

அடுத்தது அறை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டியதற்குப் பின்னால் 'ட்ரிங்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த அறை வேண்டாம். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், எதிரெதிரே கண்ணாடி ஜன்னல் என்றிருக்கும் இப்போதைய வீடுகளில் எல்லா அறையும் அப்படித்தான். என் வீட்டு ஹாலும் அப்படித்தான். ஒரு நாள் எஸ்டேட் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. வாயை விட்டு வெளியே போனதும் எங்கேயும் இடிக்காமல் மறைந்துபோனது. கை தட்டிப் பார்த்தேன். ஒரு 'டப்', அவ்வளவுதான். பறிப்பு முடிகிற சமயம், மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குக் காபி மூட்டை. சாக்குக்குள் கொட்டை, கொட்டைக்கு இடையில் காற்று. இதைவிடத் தடியான பஞ்சுச் சுவரை எந்த ஸ்டுடியோ கட்டும்? முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "குடோன்ல பாட்டா?" என்று சிரித்தார், சாவியைக் கொடுத்தார்.

எல்லோருக்கும் காபி குடோன் கிடைக்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டு மடிப்பு. கம்பளியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாமல் ஒரு சாண் தள்ளிக் கொடி கட்டித் தொங்கவிட்டால் கூடுதலாக வேலை செய்யும். முட்டை அட்டை ஒட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். அது மெலிசு, கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர அறையின் முழக்கம் அப்படியே இருக்கும். தீப்பிடித்தால் வேறு வம்பு.

கிட்டாரைக் காய வைப்பது

மலையில் கிட்டார் வைத்திருப்பவனுக்கு இது தினசரிப் பாடு. மரக் கிட்டாருக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிற ஊரில் அந்தக் கணக்கெல்லாம் பேச முடியாது. ஈரம் குடித்தால் கிட்டாரின் மேல்பலகை உப்பும். கம்பி கழுத்திலிருந்து தூரமாக ஏறி, அமுக்க விரல் வலிக்கும். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாகும். 'மைக் சரியில்லை' என்று புது மைக் வாங்கப் போய்விடாதீர்கள்.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பை நான்கைந்து. புது செருப்பு டப்பாவிலும் மருந்து டப்பாவிலும் வருவதைச் சேர்த்தாலும் போதாது, கிலோக் கணக்கில் தனியாக விற்கிறார்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நீல நிறத்திலிருந்து ரோஸ் ஆகிற வகையில் கோபால்ட் உப்பு கலந்திருக்கும், அது விஷம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறுகிற வகை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சூடு காட்டி ஈரம் போக்க, சமையலறைச் சட்டியைத் தொடாதீர்கள். நான் தொட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய தகர டப்பா ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. மே மாதம் சேலத்துக்கு இறங்கும்போது கிட்டாரைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான்கு ரோட்டில் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பசை இளகித் தூக்கிக்கொள்ளும். சாப்பாட்டுக் கடைக்கும் கிட்டாரோடு போங்கள். யாராவது ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள், பரவாயில்லை.

கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் புது பாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பி, 12-லிருந்து 53 வரையுள்ள செட், மாட்டி வாசித்துப் பழக்குங்கள். அன்றைக்கே மாட்டினால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். விரல் நகர்த்தும்போது 'கீச்' சத்தமும் அதிகம்.

மைக் வைப்பது

சாமான் பட்டியல் சின்னதுதான். ஒரு கண்டென்சர் மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற, இரண்டு உள்வழி உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடுகிற ஹெட்போன், ஆடாத ஸ்டாண்டு, லேப்டாப். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்று எழுதிய பட்டனை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக் ஊமை. சுற்றுச்சத்தம் அதிகமுள்ள இடமென்றால் கண்டென்சர் வேண்டாம். பக்கத்தில் வைத்துப் பாடுகிற டைனமிக் மைக் போதும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். நான் இன்னும் அதைத் தாண்டவில்லை.

குரலையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாமா, சேர்த்தா? தனித்தனியாக என்றால் பிசிறு வந்தால் திருத்திக்கொள்ளலாம், நிஜம்தான். ஆனால் தாளம் காட்டுகிற கிளிக் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். நான் ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்கிக் கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்த வரிக்குப் போவேன், கையும் கூடவே தாமதிக்கும். கிளிக் அதற்கு விடாது. அதனால் சேர்த்தே, ஒரே மைக்கில். இதற்குப் பெட்டியில் திருகிச் சரிசெய்கிற வசதி கிடையாது. கிட்டாருக்கும் குரலுக்கும் எது எவ்வளவு என்பதை மைக் நிற்கிற இடம்தான் தீர்மானிக்கும்.

இதை என் மகளை வைத்துச் செய்தேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். முதலில் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்தாள். "குடத்துக்குள்ள தலைய விட்டு வாசிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள். ஓட்டைக்கு நேராக வைத்தால் கீழ்ச்சத்தம் முழங்கும். எல்லோரும் செய்கிற முதல் தப்பு இது. கழுத்து உடம்போடு சேருகிற பக்கமாக, பன்னிரண்டாவது கட்டத்துக்கு நேராக நகர்த்தினாள். கிட்டார் தெளிந்தது, குரல் தூரமாகிப் போனது. ஸ்டாண்டை ஒரு சாண் பின்னால் இழுத்து, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினாள். ஏற்றினால் குரல் கூடும், இறக்கினால் கிட்டார் கூடும். இரண்டு விரல் ஏற்றம், ஒரு விரல் இறக்கம் என்று கால் மணி நேரம். "நில்லுங்க, அசையாதீங்க" என்றாள். நாற்காலியின் நான்கு காலுக்கும் ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். அளந்து பார்த்தால் என்னிடமிருந்து மைக் 55 சென்டிமீட்டர். உங்களுக்கு 50 ஆகலாம், 65 ஆகலாம். காது சொல்வதுதான் கணக்கு. வட்டத்தை மட்டும் மறக்காமல் போடுங்கள், அப்போதுதான் மறுநாள் பாடினாலும் அதே சத்தம் வரும்.

நம் பாட்டுகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பிதாவே, பரிசுத்தரே, பாவி என்று வரிக்கு வரி ப. ஒவ்வொரு ப-வுக்கும் வாயிலிருந்து காற்று கிளம்பி மைக்கில் 'தொப்' என்று விழும். மைக் வைக்கப்போகும் இடத்தில் ஒரு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு "பிதாவே" என்று பாடிப் பாருங்கள். சுடர் ஆடினால் அந்த இடம் ஆகாது. வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாகவோ கொஞ்சம் மேலாகவோ நகர்த்திக்கொண்டே போங்கள். சுடர் ஆடாத இடம் வரும், அங்கே மைக். இயேசு, ஸ்தோத்திரம் ஆகியவற்றில் சீறுகிற ஸ-வும் அதே நகர்த்தலில் பாதி அடங்கிவிடும். மீதிக்கு எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வையுங்கள்.

பதிவு நாள்

முந்தின ராத்திரியே கிட்டாரைக் குடோனில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைத்துவிடுங்கள், அந்த இடத்துக் குளிர் அதற்குப் பழக வேண்டும். ஜனவரி விடியலில் உங்கள் விரலும் மரத்துப்போயிருக்கும். சூடான சுக்குக் காபி டம்ளரை இரண்டு கையாலும் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். குடிப்பது அப்புறம்.

வீட்டில் பதிவு செய்பவர்கள் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் 'உம்ம்' என்ற கரண்ட் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். மென்பொருளில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சச் சத்தத்தில் பாடும்போது முள் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டது திரும்ப வராது; சின்னதாகப் பதிந்ததைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆரம்பிப்பதற்கு முன்னால் யாரும் அசையாமல் 30 வினாடி வெறும் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் எங்கேயாவது வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால் அந்த மௌனம்தான் ஒட்டுத்துணி.

ஒரு பாட்டுக்கு மூன்று தடவை. மூன்றிலும் வரவில்லையா, அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். ஒரு விடியலுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் எனக்கு வந்ததில்லை. அம்மாவுக்காக எழுதிய புலம்பல் பாட்டு மூன்றாவது தடவையில் எங்கேயோ போய் அமைந்தது. இரண்டாவது சரணத்தின் கடைசி வரி, குரல் இறங்கி நிற்க வேண்டிய இடம், ஒரு குரங்கு தகரக் கூரையில் குதித்தது. 'டமார்'. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஐந்து தடவை பாடினேன், அந்த இறக்கம் வரவே இல்லை. கடைசியில் குரங்கோடேயே போட்டுவிட்டேன். "அந்த ஒரு அடி டிரம் யாருங்க வாசிச்சது?" என்று இன்னும் கேட்கிறார்கள்.

வெட்டுவது, வெளியிடுவது

எடிட்டிங்கில் நான் செய்வது குறைவு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் குமுறலை ஃபில்டர் போட்டு எடுப்பேன். முன்னும் பின்னும் நறுக்குவேன், மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்ட மாட்டேன். எக்கோ, சோற்றுக்கு உப்பு மாதிரி. இருக்கிறது என்று தெரிந்தால் அதிகமாகிவிட்டது. மொத்தச் சத்த அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவை) பக்கத்தில், உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். இதற்கு மேல் உரக்க வைத்தாலும் ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் தாங்களே குறைத்துவிடும். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, மறுநாள் காலையில் இன்னொரு தடவை கேளுங்கள். பிறகு, மூலப் பதிவை இரண்டு ஹார்டு டிஸ்கில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் ஊரில் ஹார்டு டிஸ்குக்கும் பூஞ்சை பிடிக்கும்.

வேறொருவர் எழுதிய பாட்டைச் சேர்க்கிறீர்கள் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பாஸ்டரோ ஃபாதரோ எழுதியதாக இருந்தாலும். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யாரும் பாடலாம். எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடிய மனிதர் அவர். கிட்டார் பையன்கள் அவரிடமிருந்து ஆரம்பித்தால் நல்லது என்பது என் கட்சி. சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப் போடுகிற வேலை கூடவே கூடாது.

தளங்களுக்குப் பாட்டை அனுப்ப ஒரு விநியோகஸ்தர் வேண்டும், இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். அட்டைப்படம் சதுரமாக 3000-க்கு 3000 பிக்சல் கேட்பார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட அடையாளக் குறியீடு ஒன்று தருவார்கள், அதை நோட்டில் எழுதி வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே குறியீடு தொடர வேண்டும். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு ஆல்பத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று கொடுத்ததால் நான் ஒரு தளத்தில் இரண்டு ஆளாக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டுமென்றால் நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

தளத்தில் கேட்பவர்கள் ஒரு பங்கு. எங்கள் பக்கம் மீதிப் பேர் பென் டிரைவில் கேட்கிறார்கள். அதற்கு எம்பி3 ஆக மாற்றி, கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். பழைய கார் செட்டில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணும் போட்டுவிடுங்கள். நான் முதலில் போடவில்லை. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "பாட்டெல்லாம் சூப்பருங்கண்ணா, ஆனா ஏன் எடுத்த எடுப்புலயே அழுகப் பாட்டு?" என்றார். செட் அகரவரிசையில் ஓட்டியிருக்கிறது. அம்மாவின் பாட்டு ஆங்கிலத்தில் 'ஏ'-யில் ஆரம்பிக்கும், அது முதலில் வந்துவிட்டது. எண் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பத்தாவது வளைவுக்குப் பக்கத்தில், சேலம் முழுசாகக் கீழே தெரிகிற இடத்தில், குரங்கு குதிக்கிறதாம்.